ஓசூர் மேட்டில் பயிரின் நீர்க்கணக்கு

ஓசூர் சிப்காட் வளாகத்தில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குள் நுழையும் தண்ணீர் மீட்டரைத் தாண்டித்தான் நுழைகிறது. எவ்வளவு வாங்கினார்கள், கொதிகலனுக்கு எவ்வளவு போனது, பெயின்ட் பிரிவுக்கு எவ்வளவு, சுத்திகரித்துத் திரும்ப எடுத்தது எவ்வளவு என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. சுற்றுச்சுவருக்கு வெளியே தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் புதினாவுக்கும் பாயும் தண்ணீருக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. போர்வெல்லில் "ஒன்றரை இஞ்ச் தண்ணி வருது", மோட்டார் "ரெண்டு மணி நேரம் ஓடுது" என்பதே அங்கு அளவு. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மின்கட்டண அட்டையைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடவும் வழியில்லை. ஆகவே, இந்த வட்டாரத்தில் வேளாண்மைக்கு எவ்வளவு நீர் தேவை என்று திட்டக்குழுவோ நீதிமன்றமோ சொட்டுநீர் நிறுவனமோ கேட்கும்போது, கையில் கிடைப்பது அளந்த எண் அன்று, கணக்கிட்ட எண். எந்தச் சூத்திரம், எந்த ஊரின் காற்று, எந்த ஆவிமானித் தொட்டியின் நீர்மட்டம் என்பதைப் பொறுத்து அந்த எண் ஐந்தில் ஒரு பங்கு வரை மேலும் கீழும் ஆடும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது, பயிருக்கு இத்தனை லிட்டர் என்ற புதிய பரிந்துரை இல்லை. எல்லாப் பரிந்துரைகளுக்கும் அடியில் கிடக்கும் முதல் எண்ணை எல்லோரும் ஒரே முறையில் கணக்கிட்டு, எப்படிக் கணக்கிட்டோம் என்பதையும் சேர்த்து வெளியிடும் ஏற்பாடுதான் தேவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் எண் எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வயலில் இருந்து நீர் இரண்டு வழியில் காற்றுக்குப் போகிறது: ஈர மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாகிறது, இலைத்துளைகள் வழியாகப் பயிர் வெளிவிடுகிறது. நின்று வளரும் பயிரில் இரண்டையும் பிரித்து அளப்பது கடினம் என்பதால் சேர்த்தே ஆவிப்போக்கு என்று கொள்வோம். அதை நேரடியாக அளக்க, மண்ணோடும் பயிரோடும் ஒரு பெரிய தொட்டியை நிலத்தில் புதைத்து அதன் எடை குறைவதைக் கவனிக்கும் லைசிமீட்டர் வேண்டும். ஒவ்வொரு வயலிலும் அதைப் புதைக்க முடியாது. எனவே வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வெயில், வெப்பம், காற்று, காற்றின் ஈரம் ஆகியவை சேர்ந்து அன்றைக்கு எவ்வளவு நீரை இழுக்கும் என்பதை ஒரு மாறாத ஒப்புப் பயிரை வைத்துக் கணக்கிடுவது முதல் படி. இதுவே ஒப்புநிலை ஆவிப்போக்கு. தக்காளியோ கேழ்வரகோ அதன் வளர்ச்சிப் பருவத்தில் அந்த ஒப்புப் பயிரைப்போல எத்தனை மடங்கு நீரை விடும் என்பதை ஒரு பயிர்க் குணகத்தால் பெருக்கிக் காண்பது இரண்டாம் படி. முதல் படியில் வானிலை மட்டும்தான் இருக்கிறது. அது பயிரையோ உழவரின் பழக்கத்தையோ சாராதது. அதனால்தான் பொதுவாக்கத் தகுந்த படியும் அது ஒன்றே.

அந்த முதல் படிக்குள்தான் குழப்பம் குடியிருந்தது. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் வெயிலின் ஆற்றலையும் காற்றின் உலர்த்தும் திறனையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் தார்ன்த்வெயிட் வெப்பநிலையை மட்டும் வைத்து இன்னொரு வழி சொன்னார். அமெரிக்க மேற்கு மாநிலங்களின் பாசனத்துக்காகப் பிளேனியும் கிரிடிலும் வேறொன்றை உருவாக்கியிருந்தார்கள். 1965இல் ஜான் மான்டீத், இலைப்பரப்பு நீருக்குக் காட்டும் எதிர்ப்பையும் பென்மன் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 24ஆம் பாசன வெளியீடு 1970களில் நான்கு முறைகளை ஒருசேரப் பரிந்துரைத்தது. கையில் உள்ள தரவுக்கு ஏற்ப எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அந்தத் தாராளம்தான் சிக்கலானது. அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆய்வு 20 முறைகளை 11 இடங்களின் லைசிமீட்டர் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது முறைக்கு முறை, இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு தெரிந்தது. இந்தியப் பாசனப் பொறியாளர்கள் நெடுங்காலம் நம்பிய 'திருத்திய பென்மன்' முறை, காற்றின் உறிஞ்சும் திறன் குறைந்த நிலைகளில் 20 சதவீதம் வரை கூட்டிச் சொல்வதாகப் பின்னர் உணவு வேளாண் அமைப்பே ஒப்புக்கொண்டது. 1990 மே மாதம் நிபுணர்கள் கூடிப் பேசியதன் விளைவாக, 1998இல் ஆலன், பெரெய்ரா, ரேஸ், ஸ்மித் ஆகிய நால்வர் எழுதிய 56ஆம் வெளியீடு ஒரே முறையை முன்வைத்தது. புல்லை ஒத்த ஒப்புப் பயிரின் உயரம் 12 சென்டிமீட்டர், அதன் பரப்பு எதிர்ப்பு மீட்டருக்கு 70 விநாடி, வெயிலைத் திருப்பி அனுப்பும் பங்கு 0.23 என்று மூன்று மதிப்புகளையும் நிலையாக்கிவிட்டது. உண்மையான புல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த நாட்டில் கணக்குப் போட்டாலும் அந்தக் கற்பனைப் புல் ஒன்றே. 2005இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் இதே சமன்பாட்டை ஏற்று, குதிரைமசால்போல் உயர்ந்த பயிருக்கு இன்னொரு வடிவத்தையும் சேர்த்தது.

இந்தச் சீர்மை ஓசூருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு நிலவமைப்பே முதல் சான்று. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் 50 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 400 மீட்டர் கீழே. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இந்த ஒரு மாவட்டத்துக்குள் ஓசூர், தளி, பாகலூர் பக்கம் பெங்களூரின் குளிர்ந்த மேட்டு வானிலை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் வேறு வெக்கை. தமிழ்நாட்டில் பயிர்நீர் ஆய்வு வேரூன்றிய கோயம்புத்தூரோ பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்கு நேரே நிற்கும் ஊர். ஜூன், ஜூலையில் அங்கே வீசும் காற்று ஓசூரில் வீசும் காற்றல்ல. கோவையில் பிறந்த ஒரு தொட்டிக் குணகத்தையோ (திறந்த தொட்டியில் ஆவியாகும் நீரிலிருந்து ஒப்புநிலை எண்ணைப் பெறும் பெருக்கெண்) தினசரித் தேவையையோ தளிக்குக் கொண்டுவந்தால் அதில் கோவையின் காற்றும் கூடவே வந்துவிடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பையூர் ஆய்வு நிலையம் இதே மாவட்டத்தில் இருப்பது பெரிய வசதிதான். ஆனால் பையூர் கீழ்நிலத்தில் உள்ளது. அதன் எண் ஓசூர் மேட்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருக்கும் 101.3 கிலோபாஸ்கலிலிருந்து ஏறத்தாழ 91 ஆகக் குறைகிறது. 56ஆம் வெளியீட்டின் சமன்பாடு இந்த உயரத்தையும் ஒரு உள்ளீடாகக் கேட்கிறது. தொட்டியில் நீர் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்க்கும் முறை எதையும் கேட்பதில்லை. கேட்காததால் அது சுலபமாகத் தோன்றுகிறது.

தொட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. இந்திய வானிலைத் துறையின் ஆவிமானித் தொட்டி 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆழமில்லாத வட்டத் தொட்டி, மரச்சட்டத்தின் மீது நிற்பது. உள்ளே ஒரு சிறு நிலைக்கிணறு, அதில் மேல்நோக்கிய ஊசிமுனை. காலையில் நீர்மட்டம் முனைக்குக் கீழே இறங்கியிருந்தால், தொட்டியின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள அளவுகுழலால் முனை தொடும் வரை நீர் ஊற்றுகிறார்கள்; குழலில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தொட்டியில் 0.1 மில்லிமீட்டர். எளிமையும் அழகும் உள்ள கருவி. பறவை குடிக்காமல், குளிக்காமல் இருக்க மேலே கம்பிவலை போட்டிருக்கும். அந்த வலையே ஆவியாதலை 10 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது உணவு வேளாண் அமைப்பு. இதைவிடப் பெரிய சிக்கல் சுற்றுப்புறம். நடுத்தர ஈரப்பதமும் மெல்லிய காற்றும் உள்ள ஓர் இடத்தில், காற்று வரும் திசையில் 100 மீட்டர் பச்சை வயல் இருந்தால் தொட்டியளவை 0.80ஆல் பெருக்க வேண்டும் என்றும், 1,000 மீட்டர் வறண்ட தரிசு இருந்தால் 0.60ஆல் என்றும் 56ஆம் வெளியீடு அட்டவணை தருகிறது. தொட்டி 8 மில்லிமீட்டர் காட்டினால் முதல் கணக்கில் 6.4, இரண்டாவதில் 4.8. பெரும்பாலான கையேடுகளில் இந்த அட்டவணை காணாமல் போய் 0.7 என்ற ஒற்றைச் சராசரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நேற்றுவரை கேழ்வரகு நின்ற இடத்தில் இன்று தார்ச்சாலையும் கிடங்குக் கூரையும் எழும்பும் ஓசூர் விளிம்பில், ஒரே தொட்டியின் சுற்றுப்புறம் சில ஆண்டுகளில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிவிடலாம். குணகத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

வேறுபாடு எவ்வளவு என்பதைக் காட்ட ஓசூர் உயரத்துக்கு ஒரு மார்ச் நாளை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக வைத்துக்கொண்ட நாள். பதிவான நாள் அன்று. அதிகபட்ச வெப்பம் 33 டிகிரி, குறைந்தபட்சம் 19, ஈரப்பதம் காலையில் 80 சதவீதம், பிற்பகலில் 30, நிகரக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 13 மெகாஜூல், 2 மீட்டர் உயரத்தில் காற்று விநாடிக்கு 2 மீட்டர். 56ஆம் வெளியீட்டின் முறையில் ஒப்புநிலை ஆவிப்போக்கு 5.9 மில்லிமீட்டர் வருகிறது. காற்று அதில் பாதியாக இருந்தால் 5.1. வெப்பநிலையை மட்டும் கேட்கும் ஹார்கிரீவ்ஸ் முறையில் 5.6. இப்போது ஒரு சாதாரணத் தவறைப் பார்ப்போம். பல வானிலை நிலையங்களில் காற்றுமானி 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த அளவை 0.748ஆல் பெருக்கி 2 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அதே காற்றுக்கு 10 மீட்டரில் 2.67 என்று பதிவாகியிருக்க, மாற்றாமல் அப்படியே சமன்பாட்டில் போட்டால் விடை 6.4 ஆகிவிடுகிறது. சூத்திரம் சரி, கருவி சரி, இடையில் ஒரு பெருக்கல் விட்டுப்போனதில் 9 சதவீதம் கூடிவிட்டது. ஆக ஒரே நாளுக்கு 5.1 முதல் 6.4 வரை எண்கள் கைக்கு வரலாம். ஒவ்வொன்றின் தலைப்பும் 'பயிர் நீர்த்தேவை' என்றே இருக்கும். சூத்திரத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, காற்று எந்த உயரத்தில் அளந்தது, கதிர்வீச்சு அளந்ததா ஊகித்ததா என்பதும் எண்ணோடு கூடவே வர வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

இந்த வேறுபாடு வயலில் எப்படித் தெரியும்? தக்காளி காய்ப்புப் பருவத்தில் பயிர்க் குணகம் 1.15. சொட்டுநீர்க் குழாய்கள் 1.5 மீட்டர் இடைவெளியிலும் மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர்கள் 60 சென்டிமீட்டர் இடைவெளியிலும் இருந்தால், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 4.4 மில்லிமீட்டர் நீர் விழும். 90 சதவீதத் திறனில் 5.1 என்ற எண்ணுக்கு ஒரு மணி 28 நிமிடம் ஓட்ட வேண்டும், 6.4 என்றால் ஒரு மணி 50 நிமிடம். வித்தியாசம் 22 நிமிடம், ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,700 லிட்டர். இதைக் கேட்டதும் முதல் மறுப்பு எழும்: விவசாயி நிமிடக் கணக்குப் பார்த்தா தண்ணீர் கட்டுகிறார்? மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் ஓடுகிறது. மண்ணைக் கையில் பிசைந்து ஈரம் பார்த்து, இலை வாடும் நேரத்தைப் பார்த்து அவர் முடிவு செய்கிறார். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. கைக்கு எட்டும் மண்ணின் ஈரத்தை எந்தச் சமன்பாடும் அவரைவிட நன்றாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் நாம் பேசும் எண்ணைப் பயன்படுத்துபவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். சொட்டுநீர் அமைப்புக்குக் குழாயின் விட்டத்தையும் பிரிவுகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்பவர் உச்சநாள் தேவையை வைத்தே முடிவு செய்கிறார். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று மாநில அரசு மானியம் கொடுக்கும் அமைப்பு அது. உச்சநாள் தேவையைக் கூட்டிப் போட்டால் தேவையற்ற பெரிய அமைப்பு வரும். குறைத்துப் போட்டால் ஏப்ரலில் கடைசி வரிசைச் செடிகள் காயும், அப்போது பழி சொட்டுநீர் மீது விழும். கிருஷ்ணகிரி அணையின் பாசனம் ஏறத்தாழ 9,000 ஏக்கர். அங்கே நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் தவறு என்றால் 3.6 கோடி லிட்டர். நூறு நாள் பருவத்தில் 0.13 டி.எம்.சி. கைவிரல் ஈரம் பார்த்து இந்த அளவில் முடிவெடுக்க முடியாது.

இந்த மாவட்டம் எண்களோடு பழகாத ஊரும் அல்ல. 2004–05 முதல் மூன்றாண்டுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேரில் வேளாண் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம், தமிழ்நாட்டில் சொட்டுநீரும் கரையும் உரமும் சேர்ந்த காய்கறிச் சாகுபடிக்கு ஒரு திருப்பம். குழுவாகச் சேர்ந்த விவசாயிகள் நிமிடக் கணக்கையும் கிராம் கணக்கையும் எழுதிப் பழகியது அங்கேதான். தளியில் இந்திய – இஸ்ரேலியக் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மையம் இருக்கிறது. அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோரா மலர்ப்பூங்கா இருக்கிறது. ஓசூர் ரோஜா வளர்ப்பவர் நீரின் உப்புத்தன்மையைத் தினமும் அளக்கிறார். பயன்படுத்துவோர் முதிர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைக்கும் வானிலை எண்தான் இன்னும் முதிரவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. 56ஆம் வெளியீட்டின் முறைக்கு வெப்பம், ஈரம், காற்று, கதிர்வீச்சு நான்கும் வேண்டும். எல்லா நிலையங்களிலும் நான்கும் ஒழுங்காகக் கிடைக்குமா? கதிர்வீச்சுமானியின் கண்ணாடி மீது தூசி படிந்தால் வெயில் குறைந்ததாகவே பதிவாகும். கல்குவாரியும் லாரிப் போக்குவரத்தும் நிறைந்த இந்த மாவட்டத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதற்கான விடை 56ஆம் வெளியீட்டிலேயே இருக்கிறது. கதிர்வீச்சு அளக்கப்படாத இடத்தில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தின் வித்தியாசத்திலிருந்து அதை மதிப்பிடலாம். காற்றின் ஈரத்தைக் குறைந்தபட்ச வெப்பத்திலிருந்து பெறலாம். காற்று அளவே இல்லையென்றால் உலகின் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் சராசரியான விநாடிக்கு 2 மீட்டரை வைத்துக்கொள்ளலாம். அதாவது, தரவு இல்லாதபோது சூத்திரத்தை மாற்ற வேண்டாம், தரவை மதிப்பிட்டு நிரப்பினால் போதும்; எதை நிரப்பினோம் என்று சொல்லிவிட்டால் போதும். கருவியின் பொய்யைப் பிடிக்கவும் வழி உண்டு. மேகமே இல்லாத நாளில் ஓசூர் உயரத்தில் தரையை எட்டும் கதிர்வீச்சு, வளிமண்டலத்தின் உச்சிக்கு வருவதில் ஏறத்தாழ 77 சதவீதமாக இருக்க வேண்டும். தெளிவான நாட்களிலும் அந்த எல்லையைத் தொடவே இல்லையென்றால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று பொருள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றிய அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பேரிடர்க் கண்காணிப்பு மையம் ஹோப்ளி (உள்வட்டம்) அளவுக்கு நிலையங்களைப் பரப்பியிருக்கிறது. தரவு குறைவு என்பது பழைய புகார். இனி வரவேண்டிய புகார், நிலையம் எங்கே நிற்கிறது என்பது.

இந்த இடத்தில்தான் தொழில்மண்டலம் கணக்குக்குள் நுழைகிறது. ஒப்புநிலை ஆவிப்போக்கு என்பது நீர் குறையாத பசும்புல் வெளியின் மேலுள்ள காற்றைப் பற்றியது. நிலையத்தை சிமென்ட் முற்றத்திலோ அலுவலகக் கூரை ஓரத்திலோ வறண்ட புறம்போக்கிலோ நிறுத்தினால், அங்குள்ள காற்று கூடுதல் சூடாகவும் உலர்ந்தும் இருக்கும். சமன்பாடு ஒழுங்காக வேலை செய்து, இல்லாத தேவையைக் கூட்டிச் சொல்லும். கலிபோர்னியா மாநிலம் 1982இல் தன் பாசன வானிலை வலையமைப்பைத் தொடங்கியபோது நிலையங்களை நீர் பாய்ச்சிய புல்வெளியில் அமைப்பதைக் கொள்கையாக்கியது. அங்கே விவசாயியும் நகராட்சிப் பூங்காவும் ஒரே எண்ணைப் பார்க்க முடிகிறது. நம்மிடம் கருவிக்கு ஒதுக்கப்படும் பணத்தில் சிறுபங்கு அதைச் சுற்றி இருக்கும் நிலத்துக்கும் அந்தப் புல்லுக்கு விடும் தண்ணீருக்கும் ஒதுக்கப்பட வேண்டும். கேட்பதற்குச் சில்லறைச் செலவுபோலத் தோன்றும். அது இல்லாமல் வாங்கும் விலையுயர்ந்த கருவி, சிப்காட் சாலையின் வெக்கையை நேர்த்தியாக அளந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது மறுப்பை வேளாண்மை அறிந்தவர்கள் எழுப்புவார்கள்: ஒப்புநிலை எண் சரியாகிவிட்டாலும் பயிர்க் குணகங்கள் நம்முடையவை அல்லவே? முழுக்கச் சரி. 56ஆம் வெளியீட்டின் அட்டவணையில் தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய், புதினாகூட இருக்கிறது. கிருஷ்ணகிரியின் அடையாளமான மா இல்லை. ரோஜா இல்லை. கேழ்வரகு இடையே மொச்சை விதைக்கும் கலப்புப் பயிருக்கு ஒற்றைக் குணகம் எழுதுவது எப்படி என்பதும் எளிதில் தீராத கேள்வி. ஆனால் இது சீர்மைக்கு எதிரான வாதமாக நிற்காது; சீர்மை ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கான வாதமாகவே நிற்கும். பெங்களூரில் ஒருவர் கேழ்வரகுக் குணகத்தைத் தொட்டியளவால் வகுத்துக் கண்டிருப்பார். பையூரில் இன்னொருவர் திருத்திய பென்மனால் வகுத்திருப்பார். இரண்டு குணகங்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு ரகத்தாலா மண்ணாலா வகுத்த எண்ணாலா என்று யாராலும் சொல்ல முடியாது. வகுக்கும் எண் ஒன்றாகும்போதுதான் உள்ளூர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பசுமைக்குடிலுக்கு மட்டும் விலக்கு வேண்டும். அதற்குள் காற்று கிட்டத்தட்ட அசைவதில்லை, கூரைத்தாள் வெயிலை வடிகட்டுகிறது. வெளியே கணக்கிட்ட எண் உள்ளே செல்லாது. ஆனால் தென்னைநார்க் கழிவுப் பைகளில் செடி வைத்து, ஊற்றிய நீரையும் வடிந்த நீரையும் அளக்கிற குடில் ஒன்று இருந்தால், அது கிட்டத்தட்ட ஒரு லைசிமீட்டரே. உள்ளே விழும் கதிர்வீச்சையும் அவர்கள் சேர்த்துப் பதிந்தால் ரோஜாவுக்கான குணகம் ஓசூரிலேயே பிறக்கும்.

நான்காவது மறுப்பு பொருளாதாரம் படித்தவர்களுடையது. துல்லியமாகக் கணக்கிட்டு மிச்சம் பிடித்த நீரை விவசாயி அடுத்த அரை ஏக்கருக்குப் பாய்ச்சுவார்; நிலத்தடி நீர் மட்டம் உயரவே போவதில்லை. பாசனத் திறன் உயர்ந்தும் படுகையின் நீர் மிஞ்சாததை 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை முரண்பாடு என்றே பெயரிட்டுப் பேசியது. இதை மறுக்க நான் முயலவில்லை. இதைக் கண்டுபிடிக்கவே ஆவிப்போக்குக் கணக்கு வேண்டும் என்று மட்டும் சொல்வேன். வாய்க்கால் பாசனத்தில் மண்ணுக்குள் இறங்கும் நீரில் ஒரு பகுதி அண்டைக் கிணற்றுக்குத் திரும்புகிறது. ஆவியாகிப் போனது திரும்புவதில்லை. மோட்டார் ஓடிய நேரத்தை மட்டும் குறைத்துவிட்டு மிச்சம் என்று அறிவிக்கும் திட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 'இவ்வளவு சதவீத நீர் சேமிப்பு' என்று சொட்டுநீர் விளம்பரங்கள் சொல்லும்போது சேமித்தது திரும்ப வரும் நீரையா, திரும்பாத நீரையா என்ற கேள்வியைக் கேட்க ஒரு பொது அளவு தேவை.

கடைசி மறுப்பு வெளிப்படையாக எழுதப்படுவதில்லை, ஆனால் அதுதான் ஆழமானது: விவசாயத்தின் நீர்த்தேவை துல்லியமாகத் தெரிந்துவிட்டால், மிச்சம் என்று காட்டித் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள். ஓசூரில் இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மின்னணு ஆலைகளும் போச்சம்பள்ளி மின்வண்டி ஆலையும் வந்தபின் நிலத்தின் விலையோடு நீரின் விலையும் ஏறுகிறது. பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து நுரையோடு கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணை இன்னொரு சான்று. அந்தக் கழிவுநீரின் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018இல் இயங்கத் தொடங்கியது. தென்பெண்ணையின் துணையாறான மார்கண்டேய நதியில் கர்நாடகத்தின் யார்கோல் அணையை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனதும் அந்த ஆண்டே. ஆனால் தெளிவற்ற எண் யாரைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 404.25 ஆக்கியபோது, அதில் 10 டி.எம்.சி.யைத் தமிழ்நாட்டுப் படுகையில் உள்ள நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்தே குறைத்தது, 4.75 பெங்களூரின் குடிநீருக்குச் சென்றது. நகரம் தன் தேவையைத் தலைக்கு இத்தனை லிட்டர் என்று சொல்ல முடிகிறது. ஆலை மீட்டர் பதிவேட்டைக் காட்டுகிறது. வயல் மட்டும் எதிர்த்தரப்பு வல்லுநர் ஐந்து நிமிடத்தில் கேள்விக்குள்ளாக்கக்கூடிய எண்ணோடு போய் நிற்கிறது.

தென்பெண்ணைப் படுகையில் எல்லையின் இரு பக்கமும் ஒரே மேட்டு வானிலை. அத்திப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் அடிப்பது ஒரே வெயில். பாகலூர்த் தக்காளியும் மாலூர்த் தக்காளியும் ஏறத்தாழ ஒரே அளவு நீரையே விடுகின்றன. இரண்டு மாநிலங்களின் வலையமைப்புகளும் ஒப்புநிலை ஆவிப்போக்கை ஒரே சமன்பாட்டில் கணக்கிட்டு, நிலையத்தின் உயரம், காற்றுமானியின் உயரம், சுற்றுப்புறம், நிரப்பிய தரவு ஆகியவற்றோடு தினமும் வெளியிட்டால், எல்லையோர நிலையங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம். இரண்டும் நாலைந்து சதவீதத்துக்குள் நின்றால் பூசல் பயிர்ப் பரப்பைப் பற்றியதாகவும் அணையின் கொள்ளளவைப் பற்றியதாகவும் சுருங்கும். விலகி நின்றால் எந்தக் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பதாவது தெரியும். இதற்கு மாநில ஒப்பந்தம்கூட வேண்டியதில்லை. பையூரும் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகமும் ஒரு வடகிழக்குப் பருவத்துக்குத் தங்கள் தினசரிக் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டாலே வேலை தொடங்கிவிடும். மேக மூட்டமும் ஈரமும் மிகுந்த அந்த மாதங்களில்தான் பழைய முறைகள் அதிகமாகக் கூட்டிச் சொல்கின்றன என்பதால், முதல் ஒப்பீட்டுக்கு அக்டோபரும் நவம்பரும் ஏற்ற மாதங்கள்.